பந்து குதிக்காத தரை

டென்னிஸ் பார்ப்பவர்களுக்குத் தரையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விம்பிள்டன் புல்தரையில் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும். பாரிஸ் செம்மண்ணில் வேகம் தணிந்து உயரமாக எழும். கிரிக்கெட்டில் பிட்ச் பற்றிய பேச்சு ஆட்டத்துக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுகிறது. கூடைப்பந்தில் பலகை செத்திருந்தால் பந்து கைக்கு வராது. பந்து அடுத்து என்ன செய்யும் என்பதை இந்த ஆட்டங்களில் எல்லாம் தரை தீர்மானிக்கிறது. பேட்மின்டனில் மட்டும் இறகுப்பந்து தரையைத் தொட்டால் கதை முடிந்தது. குதிக்க வேண்டியதில்லை, உருள வேண்டியதில்லை. புள்ளி யாருக்கு என்று மட்டும் பார்த்தால் போதும்.

அப்படியானால் தரை எதுவாக இருந்தால் என்ன என்று தோன்றும். நம்மூரில் ஷட்டில் கோர்ட் போட்ட பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு சிமென்ட் தளம், இரண்டு கம்பம், நடுவில் வலை, வெள்ளை பெயிண்டில் கோடு, வேலை முடிந்தது. பந்தை மட்டும் கருதினால் அதில் தப்பே இல்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் தரை போடுவது காலுக்காக. பந்தின் ஆடுகளம் தரைக்கு மேலே நிற்கிற காற்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எது நல்ல கோர்ட், அதை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். பதினாறு இறகுகள் செருகிய ஒரு தக்கைக் குமிழ்தான் இறகுப்பந்து. எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஒரு சோதனையில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பி உலக சாதனை ஆனது. அது மட்டையை விட்ட கணத்து வேகம். அடுத்த சில மீட்டருக்குள் அதில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். விரிந்த இறகுக் கூம்பு அத்தனை தடையைக் கொடுக்கிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் இறகுப்பந்து நொடிக்குச் சுமார் 6.7 மீட்டர் என்ற வேகத்தைத் தாண்டுவதில்லை. மிதிவண்டியைச் சற்று வேகமாக மிதிப்பவர் போகும் வேகம் அது.

இப்படி மெதுவாக இறங்கும் பொருளுக்குப் பக்கவாட்டுக் காற்று பெரிய எதிரி. உயரத் தூக்கி அடித்த பந்து கடைசி ஏழு மீட்டரை இறங்க ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. அரங்கில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் காற்று நகர்வதாக வைத்துக்கொள்வோம். ஊதுபத்திப் புகை சாய்வதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். வியர்த்த உடம்புக்குக்கூட அது சரியாக உறைக்காது. அந்தக் காற்று பந்தை ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளிவிடும். ஒற்றையர் கோட்டுக்கும் இரட்டையர் கோட்டுக்கும் நடுவில் உள்ள பட்டையின் அகலம் 46 சென்டிமீட்டர். உணரவே முடியாத காற்று ஒரு பட்டையையே விழுங்கிவிடுகிறது.

2014 இஞ்சான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தென்கொரியாவிடம் தோற்ற ஜப்பான் ஆண்கள் அணி, குளிர்சாதனக் காற்றின் திசை தங்களுக்கு எதிராக மாறியது என்று வெளிப்படையாகப் புகார் செய்தது. வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை என்று அமைப்பாளர்கள் மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். காற்றை வைத்து அப்படி ஒரு சண்டை வர முடிகிறது என்பதே இந்த விளையாட்டின் இயல்பைச் சொல்லிவிடும்.

திறந்தவெளியில் ஆட விரும்பியவர்கள் பந்தையே மாற்றிக்கொண்டார்கள். தஞ்சாவூரில் தோன்றியதாகச் சொல்லப்படும் பூப்பந்தாட்டத்தில் பந்து கம்பளி நூலால் ஆனது. எடை 27 முதல் 30 கிராம். இறகுப்பந்தைப்போல் ஐந்தாறு மடங்கு. கடற்கரை மாவட்டத்து மாலைக் காற்றை அது தாங்கும். அணிக்கு ஐந்து பேராக 24-க்கு 12 மீட்டர் மண் தரையில் ஆடுகிறார்கள். உலக பேட்மின்டன் சம்மேளனம் 2019-இல்தான் காற்றைத் தாங்கும் புதுவகைப் பந்தோடு 'ஏர்பேட்மின்டன்' என்ற வெளிக்கள ஆட்டத்தை அறிமுகம் செய்தது. தஞ்சைக்காரர்கள் எப்போதோ விடுவித்த முடிச்சு அது.

உள்ளரங்கக்காரர்களுக்கு வேறு வழியில்லை, காற்றைக் கட்டிப்போட வேண்டும். பெரிய சர்வதேசப் போட்டிகளுக்கு ஆடுகளத்துக்கு மேல் 12 மீட்டர் உயரம் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறார்கள்; அதற்கு வழியில்லாத இடத்தில் 9 மீட்டராவது வேண்டும். சுவர் வெளிர் நிறத்தில் இருந்தால் வெள்ளை இறகு அதில் மறைந்துபோகும் என்பதால் கருமையான, பளபளக்காத பின்னணி கேட்கிறார்கள். சிறு ஊர் அரங்குகளில் நடைமுறை எளியது. ஆட்டம் தொடங்கினால் மின்விசிறியை நிறுத்து, கதவைச் சாத்து. ஏப்ரல், மே மாதத்தில் தகரக்கூரைக்குக் கீழே அப்படி ஆடினால் ஒரு கேம் முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும். நனைந்த சட்டையிலிருந்தும் முழங்கையிலிருந்தும் சொட்டுவது எங்கே போகிறது? தரைக்கு. காற்றைக் காப்பாற்றிய கையோடு தரையைக் கெடுத்துக்கொள்கிறோம்.

இனி கால். ஆடுகளம் 13.40 மீட்டர் நீளம், 6.10 மீட்டர் அகலம். ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 5.18 மீட்டராகக் குறைகிறது. தன் பாதியின் நடுவில் நிற்பவருக்கு நான்கு மூலையும் ஒரே தூரம்: நாலேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மூன்று எட்டில் போய்விடலாம். சங்கடம் போவதில் இல்லை, நிற்பதில் இருக்கிறது. முழு வேகத்தில் போன உடம்பை ஒரே காலில் நிறுத்தி, பந்தை அடித்து, அதே காலால் தரையை உந்தி நடுவுக்குத் திரும்ப வேண்டும். வலையருகே விழும் பந்தை எடுக்கக் காலை நீட்டிப் பாய்வதை ஆட்டக்காரர்கள் 'லஞ்ச்' என்பார்கள். அந்த ஒரு அடியில் முன்கால் தாங்கும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. குதிகால் முதலில் இறங்கும். பிறகு பாதம் முழுதும் படியும். பின்கால் பெருவிரல் பக்கமாகத் தரையில் இழுபட்டுப் பிரேக் பிடிக்கும். வலது கையால் ஆடும் ஒருவரின் பழைய காலணியை எடுத்துப் பாருங்கள். இடதுகால் காலணியில் பெருவிரலை ஒட்டிய உள்விளிம்பு மட்டும் தனியாகத் தேய்ந்திருக்கும். இழுபட்டது அந்தக் கால்தான்.

குதிகால் இறங்கும்போது நடப்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்ப்போம். நகரும் ஒரு பொருளை நிறுத்த அதன் ஆற்றலை எங்காவது செலவழித்தாக வேண்டும். நிற்பதற்குக் கிடைக்கும் தூரம் எவ்வளவு குறைவோ, விசை அவ்வளவு அதிகம். குதிகாலில் அந்தத் தூரத்தைக் கொடுப்பவை குதிகாலின் சதைத்திண்டும் காலணியின் அடிப்பாகமும். இரண்டும் சேர்ந்து சுருங்கினாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். சிமென்ட் தரை தன் பங்குக்கு எதுவும் தருவதில்லை. தரையும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கிக்கொடுத்தால், கிடைக்கும் தூரத்தில் அது நல்ல பங்கு. முதல் அதிர்வின் உச்சம் அங்கே மழுங்கிவிடுகிறது. மீதியை முழங்காலும் இடுப்பும் மடங்கி வாங்கிக்கொள்கின்றன.

இதை அளக்க ஒரு கருவி இருக்கிறது. 'பெர்லின் செயற்கை வீரர்' என்பது அதன் பெயர். 20 கிலோ எடை ஒன்று 55 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து ஒரு கெட்டியான சுருள்வில்லின் மேல் விழும். வில்லின் அடியில் உள்ள பாதம் தரையில் எவ்வளவு விசையோடு இடிக்கிறது என்று பதிவாகும். அசையாத கான்கிரீட்டில் இந்த விசை 6,500 நியூட்டனை ஒட்டி வரும். வில்லின் விறைப்பையும் விழும் எடையையும் வைத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேறு தரையில் அது எத்தனை சதவீதம் குறைகிறது என்பதுதான் அந்தத் தரைக்கான மதிப்பெண். உள்ளரங்க விளையாட்டுத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, அந்தக் குறைவு 25-லிருந்து 75 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 53 சதவீதம் குறைக்கும் தரையில் அதே இடி 3,100 நியூட்டனுக்கும் கீழே வந்துவிடும். ஒரு மாலையில் நூற்றுக்கணக்கான முறை விழும் அடியில் பாதி காணாமல் போகிறது.

குறைப்பதிலும் இருவகை உண்டு. இலவம்பஞ்சு மெத்தையில் கையை ஊன்றினால் ஊன்றிய இடம் மட்டும் அமுங்கும். கயிற்றுக்கட்டிலில் ஊன்றினால் சுற்றியுள்ள பரப்பும் சேர்ந்து தாழும். கான்கிரீட் மேல் நேரடியாக விரித்த வினைல் விரிப்பு முதல் வகை. மரத்தளம் இரண்டாவது வகை. நல்ல மரத்தளத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், அடியில் கான்கிரீட். அதன் மேல் ஈரம் ஏறாமல் தடுக்கும் பாலித்தீன் தாள். அதற்கு மேல் ரப்பர் திண்டுகள். திண்டுகள் மேல் ரீப்பர் கட்டைகள். கட்டைகள் மேல் பிளைவுட். அதற்கும் மேல் ஒன்றோடொன்று கோத்த தேக்கு அல்லது மேப்பிள் பலகைகள். இதன் மேல் ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் பச்சை வினைல் விரிப்பைப் போட்டால் அதுதான் இன்றைய போட்டி ஆடுகளம். அதிர்வை வாங்குவது கீழே உள்ள மரம். பிடிமானத்தைத் தருவது மேலே உள்ள விரிப்பு.

கோர்ட் கட்டுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். விரிப்பைக் கண்ணால் பார்க்க முடியும், மரச்சட்டத்தைப் பார்க்க முடியாது. சிமென்ட் தளத்தின் மேல் விரிப்பை மட்டும் ஒட்டிவிட்டு 'சர்வதேசத் தரம்' என்று பலகை மாட்டிவிடலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கான்கிரீட் மேல் மெல்லிய விரிப்பு மட்டும் குறைத்துத் தருவது பெரும்பாலும் கால் பங்கு அளவுக்கே. வாரத்துக்கு ஒருநாள் ஆடும் பெரியவருக்கு அது போதலாம். தினமும் நாலு மணி நேரம் பயிற்சி செய்யும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, எலும்பு நீளும் பருவத்தில், அது போதாது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக் கட்டணத்தை விசாரிக்கும் பெற்றோர் விரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

நல்ல கோர்ட் இல்லாமல் வீரர் வரமாட்டார் என்று இதற்குப் பொருள் இல்லை. 1980-இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோன் பெங்களூரில் கனரா யூனியன் கல்யாண மண்டபத்தில் ஆடி வளர்ந்தவர். முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் மண்டபம் கிடைக்கும். அப்படி வந்தவர்களை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முழங்கால் விட்டுப்போய் பதினேழு வயதில் நிறுத்திக்கொண்டவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

பிடிமானத்துக்கு வருவோம். வழுக்கும் தரை கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிப் பிடிக்கும் தரையும் கெடுதல் என்பது பலருக்குத் தெரியாது. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் அந்தத் திருகல் முழுதும் முழங்காலுக்குள் போகிறது. முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுவது பெரும்பாலும் யாரும் மோதாமல், தன் காலே தனக்கு வில்லங்கமாகும் இப்படிப்பட்ட நொடியில்தான். அதே ஐரோப்பியத் தரநிலை வழுக்குத்தடைக்கு ஊசல் சோதனையில் 80 என்று கீழ் எல்லையை மட்டும் வைக்கவில்லை, 110 என்று மேல் எல்லையும் வைத்திருக்கிறது. கொஞ்சம் இழுபட வேண்டும், வழுக்கக் கூடாது. அந்தக் குறுகிய இடைவெளிக்குள் தரையை வைத்திருப்பதுதான் பராமரிப்பு என்பதன் முழுப் பொருள்.

அந்த இடைவெளியிலிருந்து தரையை வெளியே தள்ளுவதில் முதலிடம் தூசிக்கு. பேட்மின்டன் காலணியின் அடிப்பாகம் மென்மையான ரப்பர். சுத்தமான விரிப்பில் அது முழுப் பரப்பும் படிந்து பிடிக்கும். நடுவில் மாவுபோல் தூசி இருந்தால் ரப்பர் தரையைத் தொடுவதே இல்லை; தூசியின் மேல் நிற்கிறது, தூசி நகர்ந்தால் தானும் நகர்கிறது. மணல் இன்னும் மோசம். நம் தெருமணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் 7. மரத்தின் மேல் பூசிய பாலியூரித்தேன் பூச்சு அதற்கு முன்னால் நிற்காது. காலணியின் அடியில் ஒட்டிவந்த நாலு மணல் ஒவ்வொரு லஞ்சிலும் பூச்சைக் கீறும். கீறிய இடத்தில் வியர்வை இறங்கும், இறங்கிய இடத்தில் மரம் கறுக்கும். பைக்கில் வரும்போதே ஷட்டில் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து அப்படியே கோர்ட்டுக்குள் ஏறுபவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். காலணியைப் பையில் கொண்டுவந்து உள்ளே மாட்டுவது ஒழுங்கு மட்டுமல்ல, செலவுக் கணக்கும்தான்.

அடுத்தது ஈரம். சர்வதேசப் போட்டிகளில் ஆட்டக்காரர் கையைக் காட்டினால் துடைப்பவர் ஓடிவந்து வியர்வை சிந்திய இடத்தைத் துடைத்துவிட்டுப் போவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆட்டத்தை இழுத்தடிக்கிறார் என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. சொட்டு விழுந்த இடத்தில் அடுத்த அடி விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கையைக் காட்டுகிறார். நம் அரங்குகளில் துடைக்க ஆள் இருக்காது. ஒரு பழைய பருத்தித் துண்டைக் கம்பத்தடியில் வைத்திருந்தாலே போதும்.

மரத்துக்கு ஈரத்தோடு உள்ள உறவு இன்னும் ஆழமானது. அறுத்துப் பல வருடம் ஆன பலகையும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக உள்ள குளிர்சாதன அரங்கில் மரத்துக்குள் எடையில் 9 சதவீதம் அளவுக்கு நீர் தங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரப்பதம் 80-ஐத் தொட்டால் அது 15, 16 சதவீதத்துக்குப் போகும். ஈரம் ஏறினால் பலகை நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில் ஊதும். 75 மில்லிமீட்டர் அகல மேப்பிள் பலகையில் ஈரம் ஐந்து புள்ளி ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விரியலாம். தேக்கு அதில் பாதிதான் விரியும். நம் தட்பவெப்பத்துக்குத் தேக்கு ஒத்துப்போவதன் காரணங்களில் இது முக்கியமானது. ஒரு பலகைக்கு அரை மில்லிமீட்டர் என்றாலும் ஆடுகளத்தின் அகலத்தில் எண்பது பலகைகள் வரிசையாக இருக்கின்றன. அதனால்தான் சுவரோரம் இடைவெளி விட்டு மரத்தளம் போடுகிறார்கள். அழகாக இல்லை என்று அந்த இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டால், அடுத்த மழைக்காலத்தில் விரிய இடமில்லாத பலகைகள் நடுவில் மேடாக எழும்பிவிடும்.

கீழிருந்து ஈரம் ஏறினால் வேறு அடையாளம். பலகையின் அடிப்பக்கம் மட்டும் ஊதி, விளிம்புகள் இரண்டும் மேலே எழ, ஒவ்வொரு பலகையும் குழிந்து நிற்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடித்தால் வரிவரியாக நிழல் தெரியும். உடனே இழைத்துச் சமப்படுத்தத் தோன்றும். செய்யக் கூடாது. அடியில் ஈரம் காய்ந்ததும் விளிம்புகள் தாமாக இறங்கிவிடும்; அதற்குள் இழைத்திருந்தால், இறங்கியபின் பலகை நடுவில் புடைத்து நிற்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் முதல் வேலை.

இவ்வளவையும் தெரிந்துகொண்டால் அன்றாடப் பராமரிப்பு வியப்பான அளவுக்கு எளியது. காலையில் ஒருமுறை, மாலையில் கூட்டம் வருவதற்கு முன் ஒருமுறை, அகலமான மைக்ரோஃபைபர் மாப்பால் உலர்வாகத் துடைக்க வேண்டும். உடைந்த இறகுத் துணுக்குகளைப் பொறுக்கிவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, காரமோ அமிலமோ இல்லாத சோப்பு நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கலாம். வாளித் தண்ணீரைக் கொட்டிக் கழுவுவது வீட்டுக் கூடத்துக்குச் சரி, மரத்தளத்துக்குச் சாவு. பினாயில் மேலே ஒரு படலத்தை விட்டுவிட்டுப் போகும். மெழுகும் எண்ணெயும் பளபளப்பைக் கொடுத்துப் பிடிமானத்தை எடுத்துக்கொள்ளும். தரை மின்னுகிறது என்று உரிமையாளர் பெருமைப்படும் அரங்கில் நான் காலை ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் ஆட இறங்குவேன்.

வினைல் விரிப்பை மடிக்கக் கூடாது, சுருட்டத்தான் வேண்டும். மடித்த கோடு பிறகு போகாது. வெயிலில் பதினைந்து மீட்டர் விரிப்பு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் நீளும். அதிகாலைக் குளிர்ச்சியில் இறுக்கி ஒட்டிய விரிப்பு மதியத்தில் குமிழ் விடுவது அதனால்தான். விரித்து ஒருநாள் அப்படியே கிடக்கவிட்டு, அது அரங்கின் சூட்டுக்குப் பழகியபின் ஓரங்களை ஒட்ட வேண்டும். இணைப்புகளில் ஒட்டுநாடா கிளம்பியிருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். இழுபட்டு வரும் பின்காலின் பெருவிரல் முதலில் மாட்டுவது அங்கேதான்.

மரத்தளம் உள்ள இடத்தில் மாதத்துக்கு ஒருமுறை வெறும் காலோடு நடந்து குதிகாலால் தட்டிக்கொண்டே போவது நல்ல பழக்கம். ஒரே மாதிரி ஒலித்துக்கொண்டு வந்த தரை ஓரிடத்தில் 'பொத்'தென்று வெறுமையாக ஒலித்தால், அங்கே ரீப்பர் தளர்ந்திருக்கிறது அல்லது திண்டு நகர்ந்திருக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. மற்ற இடத்தில் இறங்கிக்கொடுக்கும் தரை அங்கே வேறுவிதமாக நடந்துகொள்ளும், பழகிய கால் அங்கே ஏமாறும். சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டுத் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

மேல்பூச்சு தேய்ந்து மரம் தெரியத் தொடங்கினால் உரசிவிட்டு மறுபூச்சு. மரத்தைத் தொடாமல் பழைய பூச்சை மட்டும் லேசாக உரசிப் புதுப்பூச்சு கொடுப்பது ஒரு வகை. வருடத்துக்கு ஒருமுறை செய்தாலும் மரத்துக்கு நட்டமில்லை. கீறலும் கறையும் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டால் எந்திரம் வைத்து மரத்தையே இழைக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகையில், பக்கத்துப் பலகையோடு கோர்க்கும் நாக்குக்கு மேலே இருப்பது ஆறு மில்லிமீட்டரைப்போலத்தான். ஒவ்வொரு இழைப்பும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கும். நாக்கு தெரியும் அளவுக்குப் போனபின் ஆணியும் பூச்சும் உதவாது. தளத்தையே பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். கோர்ட் கட்ட ஒதுக்கிய தொகையில் ஒரு சிறு பங்கை மாப்பு பிடிக்கும் ஆளின் சம்பளத்துக்கென்று வருடாவருடம் தனியாக எடுத்துவைக்கும் அரங்குகளில் அந்த ஆறு மில்லிமீட்டர் ஒரு தலைமுறைக்கு வரும்.